மூன்று குதிப்பு, ஒரு செஸ்னா

மார்ச் 4, 2025, செவ்வாய்

எங்கள் பைலட் பயிற்சிப் பள்ளியில் காலையிலேயே ஃப்ளையிங் நின்றுவிட்டது. பேட்ச்மேட் ஒருவன் சோலோ சர்க்யூட் (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது) அடித்துக்கொண்டிருந்தான், நாங்கள் நாலைந்து பேர் எங்கள் முறைக்காக ஹேங்கர் வாசலில் உட்கார்ந்திருந்தோம், அவனுடைய செஸ்னா 172 ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கி, வரும்போதே வேகம் ஜாஸ்தி என்று தெரிந்தது. தரையைத் தொட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியது. அடுத்த முறை முன் சக்கரம் முதலில் இடித்து இன்னும் உயரக் குதித்தது. மூன்றாவதில் முன் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேயைச் செதுக்கிக்கொண்டே போய் இடது பக்க மண்ணில் நின்றது. ஃபயர் வண்டி போய்ச் சேர்வதற்குள் அவனே கதவைத் திறந்து இறங்கிவிட்டான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ, விபத்துகளை விசாரிக்கும் ஏஏஐபி இரண்டுக்கும் தகவல் போயிருக்கிறது. அனுமதி வரும்வரை விமானத்தை நகர்த்தக்கூடாதாம், அதுவரை ரன்வேயும் மூடல். அவன் வீட்டுக்கு யார் போன் செய்வது என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருக்க, கடைசியில் அவனே பேசினான்.

மார்ச் 5, புதன்

172எஸ்-இல் முழு ஃப்ளாப்போடு (இறக்கையின் பின்பக்கத் தகடுகளை முழுக்க இறக்கி) இறங்க 60 முதல் 70 நாட் வேகம் போதும். அவன் 75-க்கு மேலேயே வந்தேன் என்கிறான். அந்த வேகத்தில் ஃப்ளேர் செய்தால், அதாவது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கினால், விமானம் உட்காராது, மிதக்கும், அல்லது பட்டு எழும்பும். எழும்பியதும் கை தானாக ஸ்டியரிங் மாதிரி இருக்கும் யோக்கை முன்னால் தள்ளிவிடுகிறது, மூக்கு இறங்கி முன் சக்கரம் இடிக்கிறது, பயத்தில் இழுத்தால் மறுபடி மேலே, இப்படி ஒவ்வொரு குதிப்பும் முந்தையதைவிட மோசமாகத்தான் முடியும். முதல் குதிப்பிலேயே முழு த்ராட்டில் கொடுத்துக் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே, போயிருக்க வேண்டும்.

மெஸ்ஸில் ஒரு சீனியர், 'இவனுக்கெல்லாம் யார் சோலோ கொடுத்தது' என்றார். எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் பழகிய கோ-அரவுண்ட் எல்லாமே 200 அடி உயரத்தில், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன பிறகு செய்தவை. குதித்த விமானத்தில், தனியாக, அரை நொடியில் அதை முடிவு செய்யப் பழகியவர் எங்களில் யாரும் கிடையாது, அந்த சீனியர் உட்பட.

மார்ச் 8, சனி

ப்ரொப்பெல்லர் நுனி இரண்டும் பின்னால் வளைந்திருக்கின்றன. முன் கால் இடித்ததில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலும் நசுங்கியிருக்கிறது. எஞ்சின் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சுற்றிக்கொண்டிருந்த ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எஞ்சினைத் தயாரித்த லைகமிங் நிறுவனத்தின் விதி. பின்பக்கம், எஞ்சினின் சுழல்தண்டான க்ராங்க்ஷாஃப்ட்டின் கியரைப் பிடித்திருக்கும் போல்ட்டும் டவல் பின்னும் அந்த அதிர்ச்சியில் சேதமாகியிருக்கலாம், பறக்கும்போது அது கழன்றால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். மெக்கானிக் அண்ணன் இதைச் சொன்னபோது ஆபீஸில் யாரோ செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விமானம் குறைந்ததால் ரோஸ்டரில் எல்லோருக்கும் மணிநேரம் வெட்டு. சிபிஎல்லுக்கு (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும், இந்த வேகத்தில் எப்போது சேரும்?

மார்ச் 13, வியாழன்

அவன் இன்று இன்ஸ்ட்ரக்டரோடு டூயல் போய்வந்தான். லேண்டிங் நன்றாக இருந்தது, இறங்கியபின் ரொம்ப நேரம் யாரிடமும் பேசவில்லை, அப்புறம் இரண்டு பிளேட் போஹா சாப்பிட்டான்.

குதித்தபின் மீள்வதை எனக்கும் சொல்லித்தாருங்கள் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டேன். திங்கள் காலை முதல் ஸ்லாட் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் குறுக்குக் காற்று இருந்தால் இன்னும் நல்லது என்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.