தை மாதக் கணக்கில் விடுபட்ட பறவை

மன்னாருக்கு நான் முதன்முறை போனது 2022 ஜனவரியில். பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகும் தாம்போதியின் இருபுறமும் முழங்காலளவு நீர். அது வற்றிய இடமெல்லாம் கரைப்பறவைகள். தாம்போதியை ஒட்டிய வங்காலையை 2010இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்ததற்கான காரணம் கண்முன்னே சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. சைபீரியப் பக்கத்திலிருந்து வந்த உள்ளான்கள் கூட்டமாக எழுந்து, ஒரே துணியைப் போல மடிந்து, மறுபடி இறங்கும். கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீரைவிட்டுச் சற்றுத் தள்ளி, உப்புப் பூத்த வெட்டவெளியான தரவையில், உப்புக்கொத்திகள் நின்றன. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைப் பொறுக்கும், மறுபடி ஓடும். தொலைநோக்கி வழியே எண்ணி, குறிப்பேட்டில் ‘கெண்டிஷ் உப்புக்கொத்தி’ என்று எழுதி எதிரில் ஓர் எண்ணைப் போட்டேன். பெரிய எண்தான். இவற்றுக்கு இங்கே குறையில்லை என்ற நிம்மதியோடு திரும்பினேன்.

அந்த எண்ணுக்குள் இரண்டு இனங்கள் இருந்தன என்று தெரிந்தது 2023இல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு கட்டி, இங்கேயே ஆண்டு முழுவதும் வாழும் உப்புக்கொத்தி, குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியே அல்ல, தனி இனம் என்று மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. இறக்கை, அலகு, வால் எல்லாம் கெண்டிஷைவிடச் சற்றுக் குட்டை. 1915இலேயே இதற்கு ‘சீபோமி’ என்ற பெயரைக் கொடுத்துத் துணையினமாகப் பதிந்திருந்தார்கள். பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது கெண்டிஷின் நிழலிலேயே கிடந்தது. இப்போது அதன் பெயர் அனுமன் உப்புக்கொத்தி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிப் பக்கமாக நீளும் இராமர் பாலத்து மணல் தீடைகளும் அதன் வாழிடம் என்பதால் அமைந்த பெயர். இவ்வளவு பொருத்தமான பெயர் ஒரு பறவைக்கு வாய்ப்பது அபூர்வம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் வியப்பு முழுமையாகப் பிடிபட, கெண்டிஷ் உப்புக்கொத்தியின் குடும்ப வாழ்க்கை தெரிய வேண்டும். குஞ்சு பொரித்த சில நாட்களில் பல பெண் பறவைகள் பிள்ளைகளை ஆணிடம் விட்டுவிட்டு வேறு இணை தேடிப் புறப்பட்டுவிடும். அடுத்த கூடு பல நூறு கிலோமீட்டர் தள்ளியும் அமையலாம். தாய் எங்கெல்லாம் போகிறாளோ அங்கெல்லாம் மரபணுவும் போகிறது. அதனால் ஐரோப்பாவின் மேற்கிலிருந்து ஆசியாவின் கிழக்கு வரை பெருநிலக் கூட்டங்களுக்கிடையே மரபணு வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்று 2012இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கண்டம் முழுக்கக் கலந்துகொண்டே இருக்கும் பறவை அது. அப்படிப்பட்ட பறவையின் ஓரத்திலேயே, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து வாழ்ந்த ஒரு கிளை நம் கரையில் இருந்திருக்கிறது. இறக்கையடி நாளத்திலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை அது தெரியவில்லை. அமெரிக்கக் கடற்கரைகளின் ஸ்நோவி உப்புக்கொத்தியும் இப்படித்தான் கெண்டிஷாகவே எண்ணப்பட்டு, மரபணு ஆய்வுக்குப் பிறகு 2011இல் தனி இனமாகப் பிரிந்தது.

2024 ஜூனில் மறுபடி மன்னார் போனேன். இந்த முறை எண்ணுவதற்கு அல்ல. வலசை வந்தவை பெரும்பாலும் வடக்கே திரும்பிவிட்ட காலம். இப்போது தரவையில் கூடு கட்டி நிற்கும் உப்புக்கொத்தி இந்த மண்ணின் பறவைதான். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ஜனவரியில் நீர் நின்ற இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவ்வளவு பெரிய வெளியில் ஒரு மணி நேரம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. ஜனவரியின் இரைச்சலை நினைத்தபோது அந்த வெறுமை நெஞ்சை என்னவோ செய்தது.

என்னோடு வந்தவர் அந்தப் பக்கத்துக் கடற்றொழிலாளி, அறுபது வயதைக் கடந்தவர். திடீரென்று கையை நீட்டி என்னை மறித்தார்.

“பிள்ளை, நில்லுங்கோ. காலடியைப் பாத்து வையுங்கோ. முட்டை மண்ணோட மண்ணாத்தான் கிடக்கும்.”

எனக்கு எதுவும் தெரியவில்லை. இருபதடிக்கு அப்பால் ஒரு பறவை ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டதைப் போலத் தடுமாறி ஓடியது. எங்களைக் கூட்டிலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது. அப்படியே பின்வாங்கி, தூரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பறவை திரும்பி வந்து ஒரு குழியில் அமர்ந்தது. குழி என்பதும் மிகை. மாட்டுக் குளம்பு பதிந்த அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் சிப்பித் துண்டுகள். தொலைநோக்கியில் மூன்று முட்டைகள் தெரிந்தன. உச்சி வெயிலில் அவற்றைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. நிழல் தரத்தான் அது அங்கே நின்றது. உப்புக்கொத்திகள் வயிற்றை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் என்று படித்திருந்தேன். இந்தப் பறவைக்கு மிச்சமிருந்த நீர் வெகு தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகக் கிடந்தது.

கூட்டுக்கு மூன்று அடி தள்ளி உழவு இயந்திரத்தின் சக்கரத் தடம் ஓடியது. அதற்கு அப்பால் நாய்க் காலடிகள்.

இந்த இடத்தில்தான் என் ஜனவரி எண் எவ்வளவு பெரிய தவறு என்று உறைத்தது. குளிர்காலக் கூட்டத்தைப் பார்த்து ‘நிறைய இருக்கிறது’ என்று எழுதும் ஒவ்வொருவரும் வந்தாரையும் குடியிருப்போரையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறோம். இங்கே கூடு கட்டும் சிறு கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்து போனாலும் அந்த எண் குறையாது, ஏனென்றால் வடக்கிலிருந்து வருகிறவை அதை நிரப்பிவிடும். எண்ணைத்தான் நிரப்பும். வலசைக் காலம் முடிந்ததும் அவை கிளம்பிவிடும். ஜூன் வெயிலில் இந்த மூன்று முட்டைக்கு நிழல் தர அவற்றில் ஒன்றும் இருக்காது.

சிறுத்துப்போன கூட்டத்துக்கு உள்ளிருந்தும் ஆபத்து வரும். சுவீடனின் தென்மேற்குக் கரையில் டன்லின் என்ற உள்ளான் இனத்தின் சிறு கூட்டம் ஒன்றைப் பற்றி 2010இல் வந்த ஆய்வைப் படித்ததிலிருந்து அது என்னை விடவில்லை. இணை தேட வேறு ஆள் இல்லாமல் நெருங்கிய உறவுகளே சேர்கின்றன. அத்தகைய கூடுகளில் முட்டை பொரியாமல் போவது அதிகம். பொரித்த குஞ்சு பிழைப்பதும் குறைவு. அதனால் கூட்டம் மேலும் சிறுக்கிறது, உறவுக்குள் சேர்வது மேலும் கூடுகிறது. கரையை மீட்டுக் கொடுத்தாலும் இழந்த மரபணு வகைகள் தாமாகத் திரும்புவதில்லை. அனுமன் உப்புக்கொத்தி அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே, கூடு கட்டும் மாதங்களில் தனியாக எண்ண வேண்டும், காலில் அடையாள வளையமிட்டுத் தொடர வேண்டும், அந்த நான்கைந்து மாதமாவது தரவைக்குள் வண்டி போகாமல் தடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பும்போது, பெயர் வந்த கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். சின்ன வயதிலிருந்தே ஆனி மாதத்தில் இவற்றைக் கூட்டோடு பார்த்திருக்கிறாராம்.

“அப்ப நீங்க தையில வந்து எழுதின கணக்கில இதுகள் எத்தினை?” என்று கேட்டார்.

குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். ஒற்றை எண்தான் இருந்தது. அதன் கீழே, ஜூன், ஒரு இணை, முட்டை மூன்று, என்று எழுதினேன். அதற்குள் அவர் திரும்பி நடந்து, கரையொதுங்கிய தென்னங்குற்றி ஒன்றை இழுத்துவந்து சக்கரத் தடத்தின் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார்.