கைப்பிடி அரிசிச் சோறு

நாங்கள் இந்தியாவுக்கு வந்து குடியேறியவர்கள் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. அவர்கள் நீலகிரியில் இருக்கிற பந்தலூரில் பிறந்தவர்கள். தமிழ் பேசுகிற ஊருக்குத் தமிழ் பேசுகிற ஆட்கள் வந்ததில் என்ன பெரிய குடியேற்றம் என்று கேட்கிறார்கள். ஆனால் எங்களுக்கு இது புது நாடுதான். எங்கள் முன்னோர் திருச்சிப் பக்கமிருந்து கடல் தாண்டி இலங்கைக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. நான் பிறந்தது அங்கே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், லயம் என்பது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, என் அம்மா பிறந்ததும் அதே லயத்தில்தான். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாருக்குப் போகிற ரயிலை அங்கே அழுகைக் கோச்சி என்றே சொல்வார்கள். எழுபதுகளின் கடைசியில் நாங்களும் அதில் ஏறினோம். அப்புறம் இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. அந்தப் பயணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் எழுத நினைப்பது வந்து சேர்ந்த பிறகு நடந்ததை.

எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்த மலைகளில் அரசு தேயிலை போட்டது. 1968இல் வனத்துறைத் திட்டமாக ஆரம்பித்து 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக ஆனது, டேன்டீ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எங்கள் சொந்தக்காரர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் தோட்டம். கொழுந்து எடுப்பது, கவ்வாத்து என்று செடியை வெட்டிவிடுவது, நிறுவை என்று கொழுந்தை எடை போடுவது எல்லாம் கைக்குப் பழகிய வேலைதான். பழகாதது மனிதர்கள். கடையில் எங்கள் பேச்சைக் கேட்டதும் சிலோன்காரங்க என்பார்கள், கடன் கேட்டால் இவர்கள் இருப்பார்களோ போவார்களோ என்பார்கள்.

இலங்கையிலிருந்து கிளம்பும்போது அம்மா பெட்டிக்குள் இரண்டு காகிதம் வைத்திருந்தார். ஒன்று கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை. இன்னொன்று எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், எழுதிக்கொடுத்த சபைக் கடிதம்: இவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எடுப்பவர்கள், உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் 1854இலேயே தமிழ் கூலி மிஷன் என்ற பெயரில் ஊழியம் ஆரம்பித்திருந்தது. உபதேசியார்கள் லயம் லயமாக நடந்துபோய்ச் சொன்னதைக் கேட்டுத்தான் எங்கள் குடும்பம் விசுவாசத்துக்கு வந்தது என்று அப்பா சொல்வார். நாங்கள் எந்த ஊரில் போய் நிற்போம் என்று ஐயருக்குத் தெரியாது, அதனால் கடிதத்தில் பெறுநர் பெயரே இல்லை. அம்மா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயிலில். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. எங்களுக்கு முன்னால் வந்த தாயகம் திரும்பியோர் சில குடும்பங்கள், திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த டீச்சர் குடும்பம், தங்கள் சொந்தக் கோயில் தூரம் என்பதால் இங்கே வருகிற மலையாளக் குடும்பங்கள் ஒன்றிரண்டு என்று கலவையான சபை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஓர் அக்கா வந்து ஒரு பை அரிசியை வாசலில் வைத்தார். சமைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் குழைகிறது, ஒரு பக்கம் பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. அம்மா பானையைக் கிளறிப் பார்த்தார். ரேஷன் அரிசி, பச்சரிசி, மலையாள வீடுகளின் சிவப்புக் குத்தரிசி எல்லாம் அதில் இருந்தது. கைப்பிடி அரிசி அது. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள், தேவை இருக்கிற வீட்டுக்கு அது போகும். யாருக்குப் போகிறது என்று ஆலயத்தில் அறிவிக்க மாட்டார்கள். எங்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது, முதல் சம்பளம் வந்து ரேஷன் கார்டும் கிடைக்கும் வரைக்கும். எங்களுக்குக் கொடுத்தவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மிச்சம் பிடித்துக் கொடுக்கிற அளவுக்கு யாரிடமும் எதுவும் இல்லை, உலையில் போட இருந்ததைத்தான் எடுத்தார்கள்.

சம்பளம் வந்த வாரம் அம்மா ஒரு பால்மாவு டப்பாவைக் கழுவிக் காயவைத்து எங்கள் அடுப்படியிலும் வைத்தார்.

ஜூன் பிறந்தால் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வேலையில் இடுப்பில் கட்டுகிற படங்கும் போர்வையும் காயாது, அட்டைக்கடி வேறு. அந்த மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டு அடித்தது. வேலைக்குப் போகாவிட்டால் பேர் பதிவு இல்லை, பேர் பதிவு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. எழுந்து போவார், தேயிலைச் செடி நிரையில் நிற்பார், கை ஓடாது. நிறுவைக்கு முன்னால் பக்கத்து நிரைப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அள்ளி அம்மாவின் சாக்கில் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். அதில் சபைக்காரர்கள் இருந்தார்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். ஆண்டவருடைய அன்பு என்று நான் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்ததை முதன்முதலில் கண்ணால் பார்த்தது அங்கேதான் என்று சொல்வேன், அதைச் செய்தவர்களில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்லாதவர்கள் என்பது எனக்குத் தடையாகத் தோன்றவில்லை.

எல்லாம் இப்படியே இருந்தது என்று எழுதினால் அது பொய். சாதி எங்களோடு கப்பலில் வந்தது, இங்கே ஏற்கனவே இருந்த சாதியோடு சேர்ந்துகொண்டது. எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம்தான், எல்லோரும் அதில் குடிக்க வேண்டும், அதில் யாரும் விலகியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் பார்த்தேன். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டார் தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுப்பார்கள். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஜெபம் வைத்தால் சிலருக்கு அன்றைக்கு மட்டும் வயிறு சரியில்லை, சிலர் ஆமென் சொன்னதும் கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டு அம்மா டம்ளர்களைத் தட்டோடு திருப்பி எடுத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரத்தைவிட வெள்ளிக்கிழமை டம்ளர்தான் ஒருவருடைய விசுவாசத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பது என் எண்ணம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதை மாற்றியது பிரசங்கம் இல்லை. இங்கத்து ஐயரின் மனைவி, ஐயரம்மா, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லா வீட்டுப் பெயரையும் வரிசையாக எழுதினார். இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு, ஒரு வீட்டையும் தாண்டக் கூடாது, ஜெபம் முடியும் முன்பே டம்ளர் கைக்கு வந்துவிட வேண்டும், குடித்த பிறகுதான் கடைசிப் பாட்டு. கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற ஆள் எப்படி எழுந்து போவார்? முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டு குடும்பம் கொஞ்ச காலம் ஜெபத்துக்கே வரவில்லை. ஐயரம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்கள் கொடுத்ததையும் குடித்துவிட்டு, உங்கள் முறை எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாராம். பிறகு வந்தார்கள். மனசு முழுக்க மாறிவிட்டதா என்றால், எல்லோருக்கும் இல்லை. கல்யாணம் என்று வந்தால் இன்னமும் விசாரிக்கிறார்கள், அது எனக்கு வருத்தம்தான். பட்டியல் சாதியிலிருந்து வந்தவர்களுக்கு, கிறிஸ்தவர்கள் என்பதற்காக, 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தப் பட்டியலில் இடம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. அலுவலகத்தில் நீ கிறிஸ்தவன் என்று திருப்பி அனுப்புகிறார்கள், கோயில் வாசலில் நீ இன்ன சாதி என்று ஞாபகப்படுத்துகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகளிடம் கிறிஸ்துவின் அன்பைப் பற்றி மேலோட்டமாகப் பேச முடியாது. டம்ளரிலிருந்துதான் பேச வேண்டியிருந்தது.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஐயர் லயத்துக்கு வருவார். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவர்கள் யார் யார் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கும். சமாதானம் ஆகாமல் நாளைக்கு முழங்காலில் நிற்காதீர்கள் என்பார். சில நேரம் இரவு பத்து மணி வரைக்கும் ஆகும்.

யானைகள் ஊருக்குள் வருவது அதிகமான பிறகு எங்கள் பண்டிகைகளே மாறிவிட்டன. முன்பு கிறிஸ்துமஸ் கீதப் பவனி என்றால் விடிய விடிய நடந்து போவோம், லாந்தர் விளக்கும் கிடாருமாக. இப்போது பொழுது சாயும் முன்பே ஆரம்பித்து, இருட்டினால் ஜீப்பில்தான். வீட்டு ஜெபத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தனியாக வரக் கூடாது என்பதும் சபையில் ஒரு கட்டாயம். கடைசி ஆள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும் வரை வாலிபர்கள் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இது எங்களுக்கு இரண்டாவது குடிபெயர்ப்பு. நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளினவருக்குப் போக இடம் இருக்காது. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் நிலம் என்பது பெரிய சிக்கல். ஜென்மம் என்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களுக்குப் பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின்சாரமும் இல்லாமல் இருந்தது. அப்பா ஓய்வு பெற்றபோது அப்படி ஒரு துண்டு நிலத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டு, எடுத்தவர் மறுபடியும் சபைக்கே கொடுத்து, அப்படிச் சேர்ந்த பணத்தில் தகரம் வாங்கினார்கள். சனிக்கிழமைகளில் சபை ஆட்கள் வந்து மண் வெட்டினார்கள், சுவர் வைத்தார்கள், மலையாள வீட்டிலிருந்து ஒரு அம்மச்சி அத்தனை பேருக்கும் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலோடு கொண்டுவருவார். அந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத்தான் என் தங்கை நர்ஸ் ஆனாள்.

அப்பா இறந்தது நல்ல ஆடி மழையில். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாலிபர்கள் மேலே தார்ப்பாய் பிடித்துக்கொண்டு வாளியால் இறைத்து இறைத்துத் தோண்டினார்கள், எங்கள் லயத்து முஸ்லிம் அண்ணன் ஒருவர் கடைசி வரைக்கும் குழிக்குள் நின்றார்.

இப்போது சபை சிறுத்துவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், சிலர் கைப்பிடி அரிசிக்குப் பதிலாக மாதம் பிறந்ததும் ஜிபேயில் பணம் அனுப்புகிறார்கள். தோட்டங்களில் எங்கள் இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். போன வருஷம் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆராதனைக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தது. தமிழ் தெரியாது. பாட்டின் ராகம் மட்டும் தெரிந்திருந்தது, அவர்கள் மொழியில் கூடவே பாடினார்கள். இவர்கள் இருப்பார்களோ போவார்களோ, இவர்களுக்கு எதற்கு அரிசி என்று நம் ஆட்களிலேயே சிலர் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அடுத்த பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன், அந்நியனை உள்ளூர்க்காரனைப் போல நடத்துங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள்தானே என்று கர்த்தர் சொல்கிற இடம். யாரும் அதற்கு மேல் பேசவில்லை. அந்த வாரமே அரிசி போனது.

சபையில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார், இந்தி பேசுவார். அவர்தான் இப்போது வேதபாடத்தை அவர்களுக்கு இந்தியில் வாசிக்கிறார். ஐயரம்மாவின் நோட்டு கிழிந்து இரண்டு நோட்டு மாறிவிட்டது, இப்போது அது என் பொறுப்பில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெயரையும் வரிசையில் எழுதியாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை அவர்கள் முறை. வீடு சின்னது, உள்ளே எல்லோருக்கும் இடம் போதாது என்று அந்தப் பெண் தயங்கினாள், வாசலில் பாய் விரித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். தேத்தண்ணி அவளே போடுகிறாளாம், டம்ளர் மட்டும் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் கொண்டுபோக வேண்டும்.