ஒரு கொசுவத்திக்காக மூணு நாள்

13 பிப்ரவரி 2025, வியாழன் ராத்திரி

திருக்கடையூர்ல மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது, இவ்ளோ தூரம் வந்தாச்சு பக்கத்துல தரங்கம்பாடில ரெண்டு நாள் இருந்துட்டு போலாம்னு சொன்னது நான்தான். ரூம்ல கொசு. எட்டே முக்காலுக்கு கொசுவத்தி வாங்க கிளம்புனா டேனிஷ்காரன் கட்டுன வாசல தாண்டி கடைத்தெரு வரைக்கும் எல்லாம் ஷட்டர் போட்டாச்சு, ரெண்டு நாய், பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் நிலா, அவ்ளோதான். மணி ஒம்போது கூட ஆகல சார்.

14 பிப்ரவரி, வெள்ளி

எட்டரைக்கு எந்திரிச்சு குளிச்சு ஒம்போதரைக்கு மெஸ்ஸுக்கு போனா இட்லி தீந்துருச்சாம். மதியம் பன்னண்டரைக்கு வாங்கனு அந்தக்கா பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னாங்க. சரி டேனிஷ்காரங்க கட்டுன கோட்டைக்கு போவோம்னு போனா வெள்ளிக்கிழமை லீவு, இது நம்ம தப்பு, பாத்துட்டு வந்திருக்கணும். 1620ல கட்டுனத வெளிய நின்னே பாத்துட்டு, மாசிலாமணி நாதர் கோயிலுக்கு போறதுக்குள்ள நடை சாத்திட்டாங்க. முன்பக்கத்த கடல் தின்னுட்டு போன கோயில், 1306லேர்ந்து நிக்குது, நாலு மணி வரைக்கும் காத்திருக்க மாட்டோமான்னு வீட்டம்மாகிட்ட ஜோக் அடிச்சேன், அவ சிரிக்கல, பசி.

கொசுவத்தி கடைல ஒரு சிலேட்டு தொங்குது. "சாப்பிட போயிருக்கேன்". மணி போடல. பக்கத்துல தையல் மெஷின்ல உக்காந்திருந்த பெரியவர்கிட்ட எப்பங்க வருவாருன்னேன்.

"சாப்ட்டுட்டு வருவாரு தம்பி."

மூணரைக்கு போனேன், அதே சிலேட்டு. கூகுள் மேப்ல "திறந்திருக்கிறது"னு பச்சையா காட்டுது.

15 பிப்ரவரி, சனி

கோட்டை பாத்தாச்சு. 1845ல டேனிஷ்காரங்க இந்த ஊரையே இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டு போயிருக்காங்க. மதியம் ரெண்டு மணிக்கு ஒரு டீ தேடி அலைஞ்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

இன்னொன்னு, மச்சான் ஐஸ் பாக்ஸ் கொடுத்து மீன் வாங்கிட்டு வரச்சொல்லி இருந்தான். ஏழரைக்கு கரைக்கு போனா வலைய உதறி சிக்கல் எடுத்துக்கிட்டு இருக்காங்க, மீனெல்லாம் ஏலம் போய் வண்டியும் கிளம்பிருச்சு. "அஞ்சரைக்கு வாண்ணே, இப்ப வந்து கேக்குறியே"ன்னு ஒரு பையன் சொன்னான். அப்பதான் உறைச்சுது, இந்த ஊர் சோம்பேறி ஊர் இல்ல, நாம பல்லு வெளக்கறதுக்குள்ள பாதி நாள முடிச்சிடுறாங்க. ஆனா அத ஒரு போர்டுல எழுதி வெச்சா என்ன கொறஞ்சா போயிடும்? நேரத்த எழுதலன்னாலும் போன் நம்பர் இருக்குனு ஒரு கடைல பாத்தேன், கடைசி ரெண்டு நம்பர உப்புக்காத்து அரிச்சிருக்கு.

16 பிப்ரவரி, ஞாயிறு

அலாரம் வெச்சு அஞ்சேகாலுக்கு எந்திரிச்சேன். ரெண்டு கிலோ சங்கரா, துள்ளலன்னாலும் செவுள் ரத்தச் சிவப்பு. இருட்டோட திரும்பி வர்றேன், அந்த கடை தொறந்திருக்கு! ஊதுவத்தி பொக வந்துட்டு இருக்கு, சிலேட்டு உள்ள ஆணில தொங்குது. கொசுவத்தி ஒண்ணு குடுங்கன்னேன். ஒம்போது மணிக்கு ரூம் காலி பண்றோம், இருந்தாலும் வாங்குனேன்.