அப்ப பழசை என்ன செய்யப் போறீங்க?

புது டேப்லெட் வாங்கலாமா என்று நீங்கள் யோசிக்கும் செய்தி வீட்டில் கசிந்துவிட்டால், எல்லோரும் முதலில் "எந்த மாடல்?" என்றுதான் கேட்பார்கள் என நினைத்திருந்தேன். இல்லை. "அப்ப பழசை என்ன செய்யப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி கிடையாது.

என்னிடம் இருப்பது ஆப்பிள் கம்பெனியின், 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட். 64 ஜிபி. கீழே வட்டப் பொத்தான், தலைப்பக்கம் இயர்போன் சொருகும் ஓட்டை. இந்த இரண்டும் இருக்கிற கடைசி ஐபேட் அதுதான். கொஞ்ச நாளாகவே மந்தமாகிவிட்டது. எந்த ஆப்பைத் தொட்டாலும் "அவசரமா?" என்று கேட்பதுபோல் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் திறந்தது. போதாக்குறைக்கு, இடம் தீரப்போகிறது என்ற அறிவிப்பு வேறு. ஒருநாள் வாய்தவறி "புதுசுதான் வாங்கணும் போல" என்றேன். அவ்வளவுதான்.

மகன் அன்றைக்கே படிப்பாளி ஆகிவிட்டான். பாடத்தைப் பெரிய திரையில் பார்த்தால்தான் மனதில் நிற்கிறதாம். மனைவி, லேப்டாப்புக்குப் பக்கத்தில் இரண்டாவது திரையாக வைத்துக்கொண்டால் ஆபீஸ் வேலை சீக்கிரம் முடியும் என்றாள். இது எப்படியோ மாமியார் காதுக்கும் போய், போன் வந்தது. "எனக்கெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை அது" என்றுதான் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர், போனில் சீரியல் பார்த்தால் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள் என்று முடித்தார். நடுவில், என் கண்ணுக்குப் பெரிய திரை நல்லது என்று மூன்று பேருமே தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். என் கண்ணைப் பற்றி இந்த வீட்டில் இவ்வளவு அக்கறை இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

வாரிசுகள் பேச்சை வைத்து முடிவெடுக்க முடியாது. சரி, கணக்கையே பார்த்துவிடலாம் என்று, 2025 மார்ச்சில் ஏ16 சிப்போடு வந்த ஐபேட்டின் விவரங்களையும் என்னுடையதன் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எடை: என்னுடையது 487 கிராம், புதியது 477. நகை வாங்குகிறவருக்கு 10 கிராம் பெரிய விஷயம்தான். டேப்லெட்டில் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தடிமன் ஏழரை மில்லிமீட்டரிலிருந்து ஏழாகியிருக்கிறது. மேலே போடும் உறையே அதைவிடத் தடிமன்.

திரை விவகாரம் இன்னும் சுவாரசியம். என்னுடையது 10.2 அங்குலம். அடுத்து 2022-இல் வந்த பத்தாம் தலைமுறைக்கு 10.9 என்றார்கள். ஏ16 வந்தபோது 11 என்றார்கள். அடடா, வளர்ந்துகொண்டே போகிறதே என்று பார்த்தால், கடைசி இரண்டும் ஒரே அளவுத் திரை. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் உண்மை இருக்கிறது: மூலைக்கு மூலை 10.86 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 264 புள்ளி என்ற நெருக்கம் என்னுடையதிலும் அதேதான், புதியதிலும் அதேதான். வெளிச்சம் 500 நிட்ஸ், அதிலும் மாற்றமில்லை. திரை நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்) புதுப்பிக்கப்படுவதும் அப்படியே. ஆக, என் கண்ணுக்குக் கிடைக்கப்போவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

பேட்டரி பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2010-இல் முதல் ஐபேட்டைக் காட்டியபோது 10 மணி நேரம் தாங்கும் என்றார்கள். இன்றைக்கும் 10 மணி நேரம்தான். சிப் எத்தனையோ மடங்கு வேகமாகிவிட்டது, உடம்பு இளைத்துவிட்டது, கேமரா இடம் மாறிவிட்டது, இந்தப் பத்து மட்டும் அசையவில்லை. சொன்ன சொல் மாறாமல் இருப்பது என்றால் இதுதான்.

உண்மையான வித்தியாசம் இரண்டு இடங்களில். சேமிப்பிடம் 64-லிருந்து 128 ஜிபி ஆகிறது. ரேம் என்கிற வேலை நினைவகம் 3-லிருந்து 6 ஜிபி. இது நிஜமான லாபம், மறுக்கமாட்டேன். சிப்பும் வேகமானதுதான், ஆனால் 'புத்தம் புதிய' டேப்லெட்டுக்குள் இருக்கும் அந்த ஏ16, 2022-இல் ஐபோன் 14 ப்ரோவில் வந்தது. என்னுடையதில் உள்ள ஏ13-உம் அப்படித்தான், 2019-இல் ஐபோன் 11-க்குப் பிறந்தது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற கதை அந்தக் கம்பெனிக்குள்ளேயே நடக்கிறது. இதில் எங்கள் வீட்டை என்ன சொல்ல?

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கேமரா. பழையதில் முன்கேமரா சட்டத்தின் குட்டைப் பக்கத்தில் இருக்கிறது. உறையை மடித்து நிறுத்தினால் டேப்லெட் படுத்தவாக்கில்தான் நிற்கும். அப்போது கேமரா ஒரு ஓரமாகப் போய்விடும். நான் திரையில் அக்கா முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். அங்கே அவளுக்கு நான் கதவோரம் நிற்கும் யாரையோ பார்த்துப் பேசுவதுபோல் தெரியும். "டேய், யாருடா அங்க நிக்கிறா?" என்பாள். யாருமில்லை என்றால் நம்பமாட்டாள். "சும்மா சொல்லு, உன் பொண்டாட்டிதானே சைகை காட்டுறா?" மனைவி அப்போது வீட்டிலேயே இருக்கமாட்டாள். நான் நகர்ந்தால் கூடவே நகர்ந்து என்னை நடுவில் வைக்கும் வசதி அந்தக் கேமராவில் இருக்கிறது. முகத்தை நடுவில் வைக்கிறதே தவிர, பார்வையைத் திருப்பி வைக்க அதற்குத் தெரியாது. புதியதில் கேமராவை நீளப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாங்குவதற்கு எனக்குக் கிடைத்த காரணங்களிலேயே மானமுள்ள காரணம் இதுதான்.

இந்த இடத்தில்தான் மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. தேவை இருக்கிறதோ இல்லையோ, புதிய மாடல் வந்தால் அவனுக்குக் கை அரிக்கும்.

"ஏ16-ஆ? அத்தான், அதுல ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் வராது" என்றான். உண்மைதான். ஆப்பிளின் அந்தச் செயற்கை நுண்ணறிவு வசதிக்கு ஏ17 ப்ரோ அல்லது எம் வரிசை சிப் வேண்டும். "ஐபேட் ஏர் வாங்குங்க, எம்3 சிப்." சரி, ஏர் என்றேன். "ஆனா ஏர்லயும் 60 ஹெர்ட்ஸ்தான். ஒருதடவை 120 பார்த்துட்டீங்கன்னா இதைப் பார்க்க முடியாது. ஐபேட் ப்ரோ எடுத்துட்டா பிரச்சினையே இல்ல. 13 அங்குல ப்ரோ வெறும் 5.1 மில்லிமீட்டர்தான், ஓஎல்இடி திரை." சீரியல் பார்க்கவும் பிடிஎஃப் படிக்கவும் பயன்படும் ஒரு சாதனத்தை, அரை மணி நேரத்தில் சினிமா எடிட் செய்யும் இயந்திரமாக ஏற்றிவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஸ்டுடியோவுக்கு இடம் பார்த்திருப்பான்.

நான் பெருமூச்சு விட்டேன். அதற்காகத்தான் காத்திருந்தவன்போலக் குரலைத் தாழ்த்தினான். "இல்லேன்னா ஒண்ணு செய்யலாம் அத்தான். என்னோட பழைய ஏர் சும்மாதான் கிடக்கு. 2022 மாடல். எம்1 சிப். உங்களுக்குன்னா ஒரு நல்ல விலைக்குத் தர்றேன்."

அப்பாடா. என் பழசுக்கு வாரிசுகள் மூன்று பேர் என்று நினைத்தேன். இவன் தன் பழசுக்கே என்னை வாரிசாக்கப் பார்க்கிறான்.

ஆனாலும் நியாயமாகப் பேசவேண்டும். காகிதத்தில் பார்த்தால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2022 ஏரில் ரேம் 8 ஜிபி. அவன் பாடம் நடத்திய அந்த ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் அதில் ஓடும், 2025-இல் வந்த ஏ16-இல் ஓடாது. திரையும் மேல் கண்ணாடியும் ஒட்டிப் பிணைத்தது. என்னுடையதிலும் ஏ16-இலும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி உண்டு. இது யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் அலட்சியமாகத்தான் இருந்தேன். வீட்டில் படம் வரைகிறவள் மகள் ஒருத்திதான், அவளிடம் இரண்டையும் கொடுத்தேன்.

என்னுடையதில், திரையில் வரைவதற்கான ஆப்பிள் பென்சிலால் ஒரு கண்ணின் இமைமுடிகளை வரைந்தாள். பென்சில் முனைக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழை தூரம். கோடு கண்ணாடிக்கு அடியில் எங்கோ ஆழத்தில் விழுவதுபோல் இருக்கும். அப்புறம் மாமாவின் ஏரில், மாமாவின் பென்சிலால் அதே இமை. முனையிலிருந்தே கோடு ஒழுகியது. "இதுல பேப்பர்ல வரையற மாதிரியே இருக்குப்பா" என்றாள். மைத்துனன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வியாபாரம் முடிந்த சிரிப்பு.

நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். ஏரில் எவ்வளவு இடம்? 64 ஜிபி. கேமரா எங்கே? குட்டைப் பக்கத்தில். அதாவது காசையும் கொடுத்துவிட்டு, இடம் பற்றாமல், அக்காவிடம் கதவோரத்தில் யாருமில்லை என்று சத்தியமும் செய்துகொண்டிருக்கவேண்டும்.

மூன்றாவது கேள்வியை மகள் கேட்டாள். "என் பென்சில் இதுல வேலை செய்யுமா மாமா?" செய்யாது. எங்களிடம் இருப்பது முதல் தலைமுறைப் பென்சில். அந்த ஏருக்கு இரண்டாம் தலைமுறை வேண்டும். எம்3 ஏருக்கு அந்த இரண்டாம் தலைமுறையும் ஆகாது, பென்சில் ப்ரோ வாங்கவேண்டும். யூஎஸ்பி-சி பென்சில் என்று ஒன்று இரண்டுக்குமே சேரும், ஆனால் அழுத்தி வரைந்தால் கோடு தடிக்காது. ஏ16-இல் எங்கள் பென்சில் வேலை செய்யும், ஆனால் சேர்ப்பதற்கும் சார்ஜ் செய்வதற்கும் ஒரு குட்டி அடாப்டர் வேண்டும். பென்சிலின் பின்மூடியையே எப்போதோ தொலைத்துவிட்ட வீடு இது. அடாப்டரை எத்தனை நாள் காப்பாற்றுவோம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

இத்தனை நேரம் பேசாதிருந்த அப்பா அப்போதுதான் செய்தித்தாளை மடித்தார். "புதுசுல அந்த வட்டம் எங்கடா இருக்கும்?"

வட்டம் இருக்காது என்றேன். விரல்ரேகை பார்க்கும் பொத்தான் மேல்விளிம்புக்குப் போய்விட்டது, முகப்புக்கு வர அடியிலிருந்து விரலால் மேலே தள்ளவேண்டும் என்று செய்து காட்டினேன். அப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐபேட் சொல்லிக்கொடுத்தபோது நான் நடத்திய மொத்தப் பாடமும் ஒரே வரிதான்: என்ன ஆனாலும் அந்த வட்டத்தை அமுக்குங்க. விளம்பரம் வந்தால் வட்டம். எழுத்து திடீரென்று பெரிதானால் வட்டம். தெரியாத யாரோ வீடியோவில் பேச ஆரம்பித்தால் வட்டம். அந்த ஒரு பொத்தானை நம்பித்தான் அவர் சுடோகுவும் செய்தியும் பழைய பாட்டும் என்று உலகம் சுற்றுகிறார்.

"அப்ப இயர்போன் எங்க சொருகறது?" அதுவும் இல்லை என்றேன். "வட்டமும் இல்ல, ஓட்டையும் இல்ல. அப்புறம் எதுக்கு அது புதுசு?" என்று கேட்டுவிட்டு மறுபடி செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். நான் போட்ட அத்தனை கணக்கிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

மிச்சமிருந்தது அந்த மந்தம் ஒன்றுதான். அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பிடத்தைத் திறந்து பார்த்தேன். பெரிய பங்கு மகளின் ஓவிய ஆப்புடையது. புரோக்ரியேட்டில் நாம் வரைவதை அதுவே வீடியோவாகப் பதிந்துகொண்டே போகும். அவள் வரைந்து பாதியில் விட்ட ஒவ்வொரு பூனைக்கும் ஒரு படமெடுத்து வைத்திருந்தது. அடுத்த பங்கு, மகன் இணையம் இல்லாத நேரத்துக்காக இறக்கி வைத்திருந்த கார்ட்டூன்கள். மூன்றாவது, ஓய்வு கிடைக்கும்போது படிக்கலாம் என்று நான் சேர்த்த பிடிஎஃப்கள். அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விருப்பமில்லை. சேமிப்பிடம் விளிம்புவரை நிரம்பிவிட்டால் தற்காலிகக் கோப்புகளை வைக்கக்கூட இடமில்லாமல் எந்த டேப்லெட்டும் திணறத்தான் செய்யும். பூனைகளை வேறு இடத்துக்கு நகர்த்தி, கார்ட்டூன்களை அழித்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டேன். தொட்டவுடன் திறக்கிறது. இரண்டு இணையப் பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் முதலாவதை மறந்துவிட்டு மறுபடி ஏற்றத்தான் செய்கிறது. 3 ஜிபி ரேமுக்கு அவ்வளவுதான் ஞாபகசக்தி. மற்றபடி 2025-இன் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26-ஐயும் இது ஏற்றுக்கொள்கிறது, 18-க்கு அடுத்து நேராக 26-க்குத் தாவினார்களே, அதே 26தான். புதுப்பிப்பு வருவது நிற்கும்வரை இது ஓடட்டும்.

அக்காவுடன் பேசும்போது மட்டும் டேப்லெட்டை நிமிர்த்தி, தடித்த அகராதி ஒன்றின்மேல் சாய்த்து வைக்கிறேன். அவ்வப்போது முகம் குப்புற விழும். பரவாயில்லை, யாரோ கதவோரம் நிற்கிறார்கள் என்பதைவிட இது மேல்.

வாங்கப் போவதில்லை என்று அறிவித்தேன். மகனுக்குப் பெரிய திரை இல்லாமலே பாடம் மனதில் நிற்க ஆரம்பித்துவிட்டது. மனைவி ஒரு 'ம்' சொன்னாள். மாமியார்தான் பெருந்தன்மையாகப் பேசினார். "நல்ல முடிவு மாப்பிள்ளை, வீண் செலவு எதுக்கு?" சற்று நேரம் மௌனம். பிறகு, "தம்பியோடது ஒண்ணு சும்மாவே கிடக்குதாமே?"

மறுநாள் மைத்துனன் கூப்பிட்டான். பெற்ற தாய் கேட்டால் விலை சொல்ல முடியுமா? உறையோடு, பென்சிலோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"அத்தான், சீரியல் பார்க்க எதுக்கு அத்தான் எம்1 சிப்பு?"

"எல்லா சேனலையும் ஒரே நேரத்துல பார்க்கணும்னா வேணும்ல" என்றேன்.