கணவர் நியூஜெர்சியில், நான் ஃபுளோரிடாவில்: வரி ரிட்டர்ன் போட்ட அனுபவம்

2024-க்கான எங்கள் வரி ரிட்டர்ன் ஒருவழியாக முடிந்தது. ஃபெடரல் (மத்திய அரசு) ரீஃபண்டும் நியூஜெர்சி மாநில ரீஃபண்டும் வங்கிக்கு வந்துவிட்டன. ஆனால் ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. ஒரு நாள்கூட நான் வேலை பார்க்காத மாநிலத்துக்கு, என் சம்பளத்துக்கான வரியைக் கட்ட வைக்கப் பார்த்தார்கள். கையெழுத்து போடுவதற்கு முன் முழு ரிட்டர்னையும் கேட்டு வாங்கிப் படித்ததால் தப்பித்தோம். வேலைக்காக ஆளுக்கொரு மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவர்கள் அமெரிக்காவில் நிறைய பேர். இதே வலையில் அவர்களும் சிக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2024-இல் மதுரையில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கணவருக்கு நியூஜெர்சியின் எடிசனில் ஐடி வேலை, சம்பளம் 1,18,000 டாலர். எனக்கு ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, 92,000 டாலர். டிசம்பர் 31 அன்று கல்யாணமாகியிருந்தால் அந்த வருடம் முழுக்கவே கல்யாணமானவர்கள் என்பது ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) கணக்கு. இருவருமே ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறோம், தனித்தனியாக ஃபைல் செய்தால் அதில் சிக்கல் வரலாம். அதனால் ஃபெடரல் ஜாயின்ட், அதாவது இருவருக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன் என்று முடிவு செய்தோம். அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

முதல் முறை ஜாயின்டாகப் போடுகிறோமே, தெரிந்தவர் செய்தால் நல்லது என்று கணவரின் நண்பர்கள் வழக்கமாகப் போகும் ஒரு டாக்ஸ் அலுவலகத்தில் கொடுத்தோம். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். சில நாட்களில் ஒரே ஒரு பக்கச் சுருக்கமும், 8879 படிவமும் வந்தன. 8879 என்பது “என் ரிட்டர்னை நீங்களே அனுப்பலாம்” என்று நாம் தரும் ஒப்புதல். ஜாயின்ட் என்றால் இருவரும் கையெழுத்து போட வேண்டும், போடாமல் அவர்கள் அனுப்ப முடியாது. சுருக்கத்தில் நியூஜெர்சிக்கு 3,600 டாலர் சொச்சம் பாக்கி என்று இருந்தது. கணவருக்கு மாதாமாதம் சம்பளத்தில் ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்களே, எங்கிருந்து வந்தது இந்தப் பாக்கி? முழு ரிட்டர்னையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். “வழக்கமா யாரும் கேட்க மாட்டாங்க மேடம்” என்றார் அங்கிருந்தவர். விடாமல் கேட்டு வாங்கினேன்.

திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் பெயர். என் கடைசிப் பெயர் என் அப்பா பெயர். பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, டபிள்யூ-2 (ஆபீஸில் தரும் வருடாந்திரச் சம்பளப் படிவம்) எல்லாவற்றிலும் அதுதான். ரிட்டர்னிலோ கணவரின் கடைசிப் பெயரை எனக்கும் போட்டு வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆனால் மாறிவிடும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்! கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் மின்வழியில் அனுப்பிய ரிட்டர்ன் திரும்பி வந்துவிடும். நம் ஊர்ப் பெயர் வைக்கும் முறையில் இந்தத் தகராறு சுலபமாக வரும், அதனால் கார்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இதை மட்டும் சொன்னவுடன் திருத்திக் கொடுத்தார்கள்.

அடுத்தது என்ஜே-1040, அதாவது நியூஜெர்சியின் மாநில வரி ரிட்டர்ன். அதில் 15-ஆம் வரிதான் சம்பளம். அங்கே எங்கள் இருவருடைய சம்பளமும் சேர்ந்து நின்றது. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. என் டபிள்யூ-2-இல் மாநிலத்துக்கான 15, 16, 17-ஆம் கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன. இருந்தும் ஸ்டேட் ரிட்டர்னையும் ஜாயின்டாகப் போட்டு, என்னையும் நியூஜெர்சிவாசி ஆக்கி, என் 92,000 டாலரையும் தூக்கி அதில் வைத்துவிட்டார்கள். வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரியை நியூஜெர்சி கழித்துக்கொடுக்கும் என்பது உண்மைதான். ஃபுளோரிடாவுக்கு நான் கட்டியதே பூஜ்யம், எதைக் கழிப்பது?

போன் செய்தேன். “ஃபெடரல் ஜாயின்ட்னா ஸ்டேட்டும் ஜாயின்ட்தான் மேடம். எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம். சாஃப்ட்வேரே விடாது” என்றார். பொதுவிதி அவர் சொன்னதுதான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதுவும் என்ஜே-1040-க்கான விளக்கக் கையேட்டிலேயே இருக்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் வருடம் முழுக்க நியூஜெர்சிவாசி, மற்றவர் வருடம் முழுக்க வெளிமாநிலவாசி என்றால், நியூஜெர்சியில் இருப்பவர் மட்டும் தனியாக ஸ்டேட் ரிட்டர்ன் போடலாம். ஜாயின்டாகப் போட்டால் இருவரையுமே நியூஜெர்சிவாசிகளாக வைத்து வரி போடுவார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: தனி ஸ்டேட் ரிட்டர்னுக்குத் தனிக் கட்டணம் ஆகும், அதுவும் ஏப்ரல் 15-க்கு முன் முடியாது, எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் என்பது ஃபைல் செய்யத்தான் அவகாசம், பணம் கட்ட இல்லை என்பதை அவர்கள் சொல்லவே இல்லை. கொடுத்த முன்பணம் போனால் போகிறது என்று ரிட்டர்னைத் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் நாங்களே சாஃப்ட்வேர் வாங்கி உட்கார்ந்தோம். ஃபெடரல் ஜாயின்ட் ஒரே மாலையில் முடிந்து, மறுநாளே ஏற்கப்பட்டது. ஸ்டேட்டில்தான் வேலை. நியூஜெர்சியின் தனி ரிட்டர்னில், ஃபெடரலையும் தனியாகப் போட்டிருந்தால் என்ன வருமோ அதே கணக்கைக் காட்ட வேண்டும். அதற்காகக் கணவர் பெயரில் மட்டும் ஒரு மாதிரி ஃபெடரல் ரிட்டர்ன் தயாரித்தோம். இதை எக்காரணம் கொண்டும் அனுப்பிவிடக் கூடாது, கணக்குக்காக மட்டும்தான். வேறு ஃபைலாகச் சேமித்து, பெயரிலேயே “அனுப்பாதே” என்று போட்டு வைத்தேன். எங்கள் ஜாயின்ட் சேமிப்புக் கணக்கின் வட்டியில் பாதி அவருக்கு, ஒரு ஆளுக்கான 1,000 டாலர் விலக்கு, படிவத்தில் என் சோஷியல் செக்யூரிட்டி எண். அவ்வளவுதான். நியூஜெர்சி மாநிலமே இலவசமாக நடத்தும் ஆன்லைன் பக்கத்தில் அந்த எண்களைப் போட்டு அனுப்பிவிட்டோம்.

3,600 சொச்சம் கட்ட வேண்டும் என்ற இடத்தில் 200 டாலருக்கு மேல் திரும்பி வந்தது. ஏறக்குறைய 3,900 டாலர் வித்தியாசம். அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது கணவர் போனில், “நல்லவேளை நீ கேட்டம்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. என் வேலை லேபில் நேரில் நின்று செய்வது, அதனால் நியூஜெர்சியில் சம்பாதித்தது எதுவும் இல்லை. நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தால், அந்த நாட்களுக்கான சம்பளம் அந்த மாநில வருமானம் ஆகிவிடும். நாட்களைக் குறித்து வையுங்கள். டாம்பா வீட்டு வாடகை ஒப்பந்தம், ஃபுளோரிடா லைசென்ஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வைத்திருக்கிறேன், நாளை மாநிலம் கேட்டால் காட்ட.

எங்கள் விதியை அப்படியே வேறு மாநிலத்துக்குப் பொருத்திவிடாதீர்கள். நியூயார்க்கில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றால் தனித்தனி ஸ்டேட் ரிட்டர்ன்தான் வழக்கம், இருவரும் விரும்பினால்தான் ஜாயின்ட். கலிஃபோர்னியா–டெக்சாஸ் ஜோடிகள் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும். இரண்டுமே கம்யூனிட்டி பிராப்பர்ட்டி மாநிலங்கள், அதாவது ஒருவர் சம்பாத்தியத்தில் பாதி மற்றவருடையது என்று சட்டமே சொல்கிறது. இருவருக்கும் அவரவர் மாநிலம்தான் நிரந்தர ஊர் என்றால், டெக்சாஸில் இருப்பவரின் சம்பளத்தில் பாதிக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும். அரிசோனா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகியவையும் இந்த வகைதான். இந்த மாநிலங்களில் இருக்கும் ஜோடிகள் நல்ல சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) போவதே மேல். போகும்போதே “ஸ்டேட்டை எப்படிப் போடுவீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கல்யாணம் ஆனவுடன் ஆபீஸில் டபிள்யூ-4-ஐ (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று முடிவு செய்யும் படிவம்) மாற்றச் சொல்வார்கள். இருவரும் வேலை பார்த்தால் 2-ஆம் படியில் உள்ள கட்டத்தை டிக் செய்யாமல் ஜாயின்ட் என்று மட்டும் மாற்றாதீர்கள். மாதம் கையில் கூடுதலாக வரும், ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.