அம்மாவை ஆவணப்படம் எடுத்த கதை

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். பொம்பளைகள் மடியில் பீடி சுற்றும் சுளகு இல்லாத வீடு குறைச்சல். அம்மா 30 வருடத்துக்கு மேலாகப் பீடி சுற்றுகிறாள், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வரும் உதவித்தொகையில்தான் நானும் படித்தேன். ஆவணப்படம் என்றால் இதைத்தானே முதலில் எடுக்க வேண்டும் என்று நண்பனின் கேமராவை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

முதல் இரண்டு நாள் எடுத்தது எதுவும் தேறவில்லை. அம்மா கோயில் கொடைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலப் பேசினாள். மூன்றாம் நாள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். கேமராவை உரல் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நானும் பீடி இலை வெட்ட ஆரம்பித்தேன், சின்ன வயதில் வெட்டியதுதான், ஆனால் கை மறந்திருந்தது, அளவு பிசகி நாலைந்து இலை வீண். அதற்குத் திட்ட ஆரம்பித்தவள் அப்படியே பீடிக் கடையில் இலையை எடை குறைத்துப் போடுவது, சுற்றியதில் பாதியை அங்கே கழித்துவிடுவது, ராத்திரி தோள்பட்டை வலி என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள்.

புகையிலைத் தூள் பறக்கும் என்று ஃபேன் போட மாட்டாள், ஒலிப்பதிவுக்கு அது பெரிய வசதி. டிவிதான் பிரச்சினை. பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால் அதற்கு உரிமை வாங்க நம்மிடம் ஏது காசு? அப்படியே இரண்டு நல்ல பேச்சு போயிற்று. எடுக்கப்போகிறவர்கள் முதலில் டிவியை அணையுங்கள். பக்கத்து வீட்டு ஆடு குறுக்கே வந்த 4 விநாடியையும், விலங்கு நல வாரியச் சான்று கேட்பார்களோ என்று பயந்து வெட்டினேன்.

14 மணி நேரம் எடுத்தது 22 நிமிடமானது. பொதுவில் திரையிட தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். புகையிலைப் பொருள் திரையில் தெரியும் நேரமெல்லாம் கீழே எச்சரிக்கை வரி இருக்க வேண்டும் என்று 2012-லிருந்தே விதி நடப்பில் இருக்கிறது. யாரோ ஹீரோ சிகரெட் பிடிக்கும் காட்சிக்குச் சரி, என் படத்தில் அம்மா வருகிற இடமெல்லாம் பீடி. மொத்தப் படத்துக்கும் அந்த வரியைப் போட்டு முடித்து, அனுப்பும் முன் அம்மாவுக்கு லேப்டாப்பில் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏல, நான் எங்கல பீடி குடிச்சேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

அதையாவது விதி என்று சொல்லிச் சமாளித்தேன். நகை அடகு பற்றி அவள் பேசிய இடம் வந்ததும், "இது வேண்டாம்யா, தங்கச்சி வீட்டுக்காரங்க பாப்பாங்க" என்றாள். படத்திலேயே நல்ல இடம் அதுதான். ஒப்புதல் தாளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தேன், தாள் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. படம் இப்போது 20 நிமிடம்.