கணவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துவர: பேப்பர் வேலை எங்கே தாமதமாகிறது

நான் சிங்கப்பூர்க் குடிமகள். என் கணவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 2023 ஆவணியில் ஊரில் கல்யாணம் நடந்தது. அவர் நீண்டகால வருகை அனுமதியோடு இங்கே வந்து சேர்வதற்குள் நாங்கள் அலைந்த அலைச்சலைப் பார்த்த சொந்தக்காரர்கள், இப்போது தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போதே எனக்கு ஃபோன் போட்டு விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்துக்கு விண்ணப்பம் போடுவது கஷ்டமான வேலையே இல்லை. சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். தாமதமெல்லாம் அதற்கு முன்னால் நடப்பது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை ஒன்று. நம் பெயர்கள் இரண்டு நாட்டுத் தாள்களில் இரண்டு விதமாக இருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கல்யாணத்துக்கு முன்பே சரி செய்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

வரிசையிலிருந்து தொடங்குகிறேன். என் கணவர் பல வருடங்களுக்கு முன் இங்கே துவாஸில் வொர்க் பெர்மிட்டில், அதாவது சாதாரணத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வேலை அனுமதியில், வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் மட்டுமில்லை, முன்பு எப்போதோ இருந்தவர்களும் சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணப்பதற்கு முன் மனிதவள அமைச்சின் அனுமதியை வாங்க வேண்டும். கல்யாணம் இங்கே நடந்தாலும் சரி, ஊர்க் கோயிலில் நடந்தாலும் சரி. இப்போது அதைவிட உயர்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. "அவர்தான் பெர்மிட்டை முடித்துக்கொண்டு போய்விட்டாரே, இனி என்ன?" என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் பெரிய சிக்கல் வரும். அனுமதியில்லாமல் மணந்துவிட்டால், பிறகு அவர் சிங்கப்பூருக்குள் வருவதே கேள்விக்குறியாகிவிடும். எனக்கு இதை முதலில் சொன்னவர் என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா. அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஊரில் என் மாமியார் தை மாதத்துக்கே நாள் பார்த்து, மண்டபமும் பேசி வைத்திருந்தார். அனுமதி கைக்கு வராமல் தேதி குறிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். அப்பாதான் ஃபோனில் பேசினார். "சம்பந்தி, நாள் தள்ளிப் போனா பரவாயில்ல. மாப்பிள்ளை இங்க வர முடியாம போயிடக் கூடாது" என்றார். மாமியாருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. தை போய் ஆவணி ஆயிற்று.

இரண்டாவது, கல்யாணத்துக்கு முன்பே செய்துகொள்ளும் நீண்டகால அனுமதி மதிப்பீடு. 2015 முதல் இருக்கிறது. கல்யாணம் ஆகும் முன்பே இருவர் விவரத்தையும் ஆணையத்துக்கு அனுப்பினால், கல்யாணத்துக்குப் பிறகு நீண்டகால வருகை அனுமதிக்குத் தகுதி இருக்குமா என்று பார்த்துச் சொல்வார்கள். தகுதி இருந்தால் ஒரு கடிதம் வரும். அது ஒரு வருடம் செல்லும். அந்தக் கடிதத்தோடு பிறகு விண்ணப்பித்தால் ஏறக்குறைய 6 வாரத்தில் முடிவு தெரியும். இல்லாமல் நேராக விண்ணப்பித்தால் 6 மாதம் வரைகூட ஆகலாம். புதிதாகக் கல்யாணமான இரண்டு பேருக்கு 6 வாரமும் 6 மாதமும் ஒன்றா? இதைச் செய்யாமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. காசு பணத்தால் தீராத பிரிவு அது.

சரி, இனி பெயருக்கு வருகிறேன். இங்கேதான் எங்களுக்குக் காலம் போயிற்று.

என் ஐசியில், அதாவது சிங்கப்பூர் அடையாள அட்டையில், என் பெயர், பிறகு ஆங்கிலத்தில் டி/ஓ, பிறகு அப்பா பெயர். இன்னாருடைய மகள் என்று அர்த்தம்; ஆண் பிள்ளைகளுக்கு எஸ்/ஓ. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பாஸ்போர்ட்டிலும் அப்படியே இருக்கிறது. என் கணவரின் பாஸ்போர்ட்டிலோ கடைசிப் பெயர் என்ற இடத்தில் அவர் அப்பாவின் பெயர். பள்ளிச் சான்றிதழில் அதே அப்பா பெயர் ஒற்றை இனிஷியலாகச் சுருங்கி நிற்கிறது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. ஊரில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணினியில் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் இடத்தில் மூன்றும் மூன்று ஆட்கள்.

தமிழ்நாட்டில் கல்யாணத்தைப் பதிவு செய்வது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் இதை அலுவலகத்துக்கு எதிரிலேயே இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் செய்துவிடுவார்கள். நாங்களும் அப்படி ஒரு கடைக்குத்தான் போனோம். சின்னக் கடை, ஜெராக்ஸ் மெஷின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் பத்திரப்பதிவுக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டச்சு செய்த தம்பி என் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடித்தார். இனிஷியலுக்குத் தனிக் கட்டம், பெயருக்குத் தனிக் கட்டம், தகப்பனார் பெயருக்குத் தனிக் கட்டம். டி/ஓ எந்தக் கட்டத்தில் போகும்? அவர் அதை இனிஷியல் கட்டத்தில் போட்டுவிட்டார். மதியத்துக்கு மேல் கையில் வந்த சான்றிதழில் என் பெயர் டி.ஓ. என்ற இனிஷியலோடு நின்றது.

அச்சான தாளைப் படித்த உடனே சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுக்கா, ஃபோட்டோ இருக்குல்ல, சீல் இருக்குல்ல" என்றார் அந்தத் தம்பி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பார்த்த ஆயிரம் சான்றிதழில் எதுவும் வெளிநாட்டுக்குப் போயிருக்காது. உள்ளே கேட்டபோது, பதிவாகிவிட்டதால் திருத்தத்துக்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும், இருவரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு மறுநாள் திருச்சியிலிருந்து விமானம், திங்கட்கிழமை வேலை. லீவு முடிந்துவிட்டது.

அடுத்த லீவு கிடைத்து நான் மறுபடி ஊருக்குப் போய், மனுவில் கையெழுத்துப் போட்டு, ஐசி, பாஸ்போர்ட் நகல்கள் இணைத்து, திருத்திய சான்றிதழ் வரும்வரை விண்ணப்பம் நகரவில்லை. ஒரு சாய்கோட்டால் வந்த வினை. அந்த மாதங்களில் அவர் ஊரில், நான் உட்லண்ட்ஸில். ராத்திரி வீடியோ காலில் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவேன். இங்கே சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அது சாதாரணமாக இல்லை.

அதனால் பதிவுக்குப் போகும் யாராயிருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன், திரையில் இருப்பதை வெள்ளைத்தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். நம் பெயர்களில் 'ழ' வரும். ஒருவர் அதை ஆங்கிலத்தில் இஸட், எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போடுவார். 'த'வுக்குப் பின்னால் எச் வருமா வராதா என்பது அவரவர் பழக்கம். அவசரப்படுத்துவார்கள், பின்னால் கூட்டம் நிற்கும். நிற்கட்டும்.

இன்னொரு விஷயம். ஊரில் பதிவு செய்த கல்யாணத்தை இங்கே திருமணப் பதிவகத்தில் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அங்கே சட்டப்படி நடந்த கல்யாணம் இங்கும் கல்யாணம்தான். ஏற்கெனவே மணந்த இருவரை இங்கே இரண்டாம் முறை பதிவு செய்ய மாட்டார்கள்.

அடுத்து பிறப்புச் சான்றிதழ். என் கணவருடையதில் பெயரே இல்லை. ஆண் குழந்தை, தேதி, தாய் தகப்பன் பெயர், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் ஊரில் பிறந்த பலருக்கு இதே கதை. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டு வந்து, அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். பெயர் சேர்க்கப் பொதுவாக 15 வருடம்தான் வரம்பு. பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது அவகாசம் நீட்டித்து அறிவிக்கும். நாங்கள் போன சமயம் 2024 டிசம்பர் வரை அவகாசம் இருந்தது, அதில் சேர்த்துக்கொண்டோம். இது கல்யாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் சம்பந்தமில்லாமல் எல்லோரும் இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டிய ஒரு தாள்.

பெயர் சேர்த்த சான்றிதழில் கைப்பட எழுதிய தமிழ் வரிகள் இருந்ததால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்துக்கும் இது வேண்டும். தூதரகமோ நோட்டரியோ சான்றளித்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்த இடத்தில் மாமனார் பெயரைத் தங்களுக்குத் தோன்றிய ஆங்கில எழுத்துகளில் எழுதித் தந்தார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு. திருப்பிக் கொடுத்துச் சரி செய்து வாங்கினோம். மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்து, "பெயரெல்லாம் இதில் உள்ளபடியே வேண்டும்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் இருந்த இனிஷியலை மட்டும் மாற்ற வழியில்லை. அதற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கிறது என்று நோட்டரி முன்னால் ஓர் அஃபிடவிட் எழுதி இணைத்தோம்.

இத்தனைக்கும் நடுவில் எல்லோரும் சொன்ன யோசனை, "முதலில் விசிட்டில் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்." சுற்றிப் பார்க்க, குடும்பத்தோடு இருக்க வருவது தப்பில்லை, இந்தியர்களுக்கு விசா வேண்டும், நாம் அறிமுகக் கடிதம் கொடுத்து விண்ணப்பிக்கலாம். வந்து இறங்கியதும் எத்தனை நாள் என்று மின்னஞ்சலில் ஒரு இ-பாஸ் வரும். இணையத்தில் நீட்டிக்கக் கேட்கலாம். ஆனால் நீட்டித்தாலும் வந்த நாளிலிருந்து 89 நாளைத் தாண்டி எண்ண முடியாது. நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்பது தங்குவதற்கு அனுமதி ஆகாது. முடிவு வராவிட்டாலும் இ-பாஸ் தேதிக்குள் கிளம்பிவிட வேண்டும். இரண்டு நாள் கூடத் தங்கினாலும் அது குற்றம், அடுத்த விண்ணப்பத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். என் கணவர் இடையில் ஒருமுறை வந்து, தேதிக்கு முன்பே ஊர் திரும்பினார். சாங்கியில் வழியனுப்பும்போது அம்மா அழுதார். ஆனாலும் நான் அவரை இருக்கச் சொல்லவில்லை.

எல்லாத் தாளும் கையில் வந்தபின் விண்ணப்பம் ஒரே மாலையில் முடிந்தது. ஆதரவாளர் என்ற முறையில் என் சிங்பாஸில் நுழைந்தேன். இருவர் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அவர் படிப்புச் சான்றிதழ், என் நிறுவனக் கடிதம், 12 மாதச் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கணக்கு, வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றை ஏற்றி, 45 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும். ஃபோனில் சாய்வாக எடுத்த படத்தில் முத்திரை மங்கினால் மறுபடி கேட்டு எழுதுவார்கள், அதில் ஒரு வாரம் போகும். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய மதிப்பீட்டுக் கடிதம் இன்னும் காலாவதியாகாமல் இருந்தது. திருத்தத்துக்கு இன்னும் சில மாதம் இழுத்திருந்தால் அதுவும் போயிருக்கும். அந்தப் பயம் எனக்குக் கடைசிவரை இருந்தது.

கொள்கை அளவிலான ஒப்புதல் வந்ததும் அவர் வந்தார். இங்கே ஒரு கிளினிக்கில் காசநோய்க்கும் எச்ஐவிக்கும் பரிசோதனை. பிறகு அனுமதிக்கு 60 வெள்ளி, பலமுறை வந்துபோகும் விசாவுக்கு 30 வெள்ளி. 2023 பிப்ரவரி முதல் பிளாஸ்டிக் அட்டை கிடையாது, எல்லாம் மின்னிலக்க அனுமதிதான். அதனால் அட்டை எங்கே, தபாலில் வருமா என்று காத்திருக்க வேண்டாம். சிங்பாஸ் செயலியிலேயே பார்க்கலாம்.

வேலை செய்ய மனிதவள அமைச்சின் முன்-ஒப்புதல் கடிதம் வேண்டும். குடிமக்களின் கணவன், மனைவிக்கு நீண்டகால அனுமதியோடு இது கிடைக்கும். வேலை கொடுக்கும் முதலாளி அமைச்சுக்குத் தகவல் தெரிவித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பல சின்ன நிறுவனங்களுக்கு இது தெரியாததால், என் கணவர் நேர்காணலுக்குப் போகும்போது அந்தக் கடிதத்தின் நகலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார். இப்போது ஜூரோங்கில் வேலை பார்க்கிறார். முதல் அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் கிடைத்தது. புதுப்பிக்கும்போது கேட்பார்களே என்று அந்தத் திருத்திய சான்றிதழையும் அஃபிடவிட்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். பெயர் எழுத்துக்கூட்டலை அந்தக் கோப்பு அட்டையின் உள்பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.